அலாரம் அடிக்கல, ஒரு ஸ்டார்: பயனர் சொல்லும் குறையைத் தீர்த்து, திரும்பிப் போய்ச் சொல்வது வரை

"நல்ல ஆப்தான். ஆனா நாலு நாளா அலாரம் அடிக்கல. பிரதோஷத்தை விட்டுட்டேன். டெலீட் பண்றேன்." ஒரு ஸ்டார்.

தமிழ் நாள்காட்டிச் செயலி ஒன்றை இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடத்துகிறவர்களுக்கு இப்படி ஒரு ரிவ்யூ வராமல் இருக்காது. படித்ததும் மனம் சுருங்கும். ஆனால் அந்த நான்கு வரிக்குள் எவ்வளவு சொல்லியிருக்கிறார் என்று பாருங்கள். "நாலு நாளா" என்றால் அதற்கு முன்பு ஒழுங்காக அடித்திருக்கிறது. ஆக, நான்கு நாளைக்கு முன் ஏதோ மாறியிருக்கிறது: நம் அப்டேட்டோ, அவர் போனின் அப்டேட்டோ, அவர் தட்டிய ஏதாவது ஒரு செட்டிங்கோ. பிரதோஷம் என்கிறார், அப்படியானால் தினசரி அலாரம் மட்டுமில்லை, மாதத்தில் இரண்டு முறை வரும் நினைவூட்டலும் நின்றிருக்கிறது. "டெலீட் பண்றேன்" என்கிறார், இன்னும் பண்ணவில்லை. பதில் சொல்ல நேரம் இருக்கிறது.

குறையைப் படிப்பது, பிரிப்பது, காரணத்தைப் பிடிப்பது, சரிசெய்வது, பிறகு சொன்னவரிடமே திரும்பிப் போய்ச் சொல்வது. இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிற அணிகள்தான் அதிகம். இங்கே நாள்காட்டிச் செயலியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, பெரும்பாலும் பிளே ஸ்டோரை ஒட்டியே போகிறோம். ஐபோனுக்கு உரிய வேறுபாடுகள் அங்கங்கே வரும்.

ஒரே இடத்தில் சேர்ப்பது

குறைகள் பல வாசல் வழியாக வரும்: ஸ்டோர் ரிவ்யூ, மின்னஞ்சல், செயலிக்குள் இருக்கும் படிவம், தெரிந்தவர்களின் வாட்ஸ்அப். எல்லாம் ஒரே தாளில் சேராவிட்டால் ஒரே கோளாறு நான்கு இடத்தில் நான்கு சிறிய குறையாகத் தெரியும், யாரும் அவசரப்பட மாட்டார்கள். கூகுள் ஷீட் ஒன்று போதும். தேதி, எங்கிருந்து வந்தது, பயனர் சொன்ன சொல் அப்படியே, போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், செயலி வெர்ஷன், வகை, நிலை, கடைசியாக "திரும்பச் சொல்லியாச்சா" என்று ஒரு பத்தி. பயனரின் சொல்லைச் சுருக்கி எழுதாதீர்கள். "அலாரம் பிரச்சினை" என்று சுருக்கிவிட்டால் "நாலு நாளா" என்ற தடயம் போய்விடும்.

செயலி நடத்துபவர்களுக்குக் கூகுள் தரும் நிர்வாகத் தளமான பிளே கன்சோலில் ஒவ்வொரு ரிவ்யூவோடும் போன் மாடல், ஆண்ட்ராய்டு வெர்ஷன், செயலி வெர்ஷன், மொழி ஆகியவை பெரும்பாலும் கிடைக்கும். இவற்றைப் பயனரிடம் கேட்டுத் தொந்தரவு செய்யத் தேவையில்லை. ரிவ்யூக்களை நிரல் வழியாக இழுக்க ஏபிஐ (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வழி) உண்டு. ஆனால் கடைசி ஏழு நாட்களில் எழுதப்பட்ட அல்லது திருத்தப்பட்டவை மட்டும்தான் அதில் வரும், அதுவும் எழுத்து உள்ளவை மட்டும். மாதம் ஒருமுறை இழுத்தால் மூன்று வாரக் குறைகள் விட்டுப்போகும். தினமும் ஒருமுறை ஓடும்படி வையுங்கள். பழையவை வேண்டுமென்றால் மாதவாரியான சிஎஸ்வி (எளிய அட்டவணை) கோப்புகளைக் கன்சோலிலிருந்து இறக்கலாம். அவை யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருக்கும். யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால் தமிழ் எல்லாம் குப்பையாகத் தெரியும். "ரிவ்யூவே கெட்டுப்போய் வந்திருக்கிறது" என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

தேடும்போது இன்னொரு சிக்கல். நம் பயனர்களில் பாதிப்பேர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுவார்கள். அலாரம் என்ற ஒரே சொல்லை நான்கு விதமாக எழுத்துக்கூட்டுவார்கள். தமிழ் எழுத்தில் எழுதுபவர்களோ அதையே "மணி அடிக்கல", "நோட்டிபிகேசன் வரல", "ஞாபகப்படுத்தல" என்பார்கள். ஒரு சொல்லை மட்டும் தேடி "மூன்று பேர்தான் சொல்லியிருக்கிறார்கள்" என்று முடிவுக்கு வராதீர்கள். வாரத்துக்கு நூறு ரிவ்யூவுக்குக் கீழே என்றால் ஒருவர் உட்கார்ந்து எல்லாவற்றையும் படித்துவிடுவதே நல்லது. தினமும் அரைமணி நேரம், நிரல் எழுதுபவரே படிக்க வேண்டும். இன்னொருவர் படித்துச் சுருக்கிக் கொடுத்தால் தடயம் கழன்றுவிடும்.

வகை பிரிப்பது

வகை அதிகம் வேண்டாம். உடைந்திருக்கிறது, புரியவில்லை, தகவல் தப்பு, இது வேண்டும், விளம்பரமும் காசும். இந்த ஐந்துக்குள் ஏறக்குறைய எல்லாம் அடங்கிவிடும். சொல் எதுவும் இல்லாத வெறும் ஸ்டாரை எண்ணிக்கையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் காரணம் ஊகித்து நேரத்தைச் செலவழிக்காதீர்கள்.

இதில் "புரியவில்லை" என்ற வகையை மதியுங்கள். "சுபமுகூர்த்தம் எங்க இருக்குன்னே தெரியல" என்று ஒருவர் எழுதினால், "மெனுவில் மூன்றாவதாக இருக்கிறது" என்று பதில் போட்டு முடித்துவிடத் தோன்றும். அதே கேள்வியை மாதத்தில் ஐந்து பேர் கேட்டால் அந்த மெனு தப்பான இடத்தில் இருக்கிறது என்றுதான் பொருள்.

"தகவல் தப்பு" வகைக்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு சனிப்பெயர்ச்சி. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் பெயர்ந்தது 2025 மார்ச் 29. வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றுவது. ஒரு செயலி எந்தக் கணக்கைக் காட்டினாலும் மறுதரப்பினர் "தேதி தப்பு, நம்பாதீங்க" என்று ஒரு ஸ்டார் கொடுப்பார்கள். இங்கே நிரலில் தவறே இல்லை. எந்தப் பஞ்சாங்கம் என்பதைத் திரையிலேயே சொல்லாததுதான் தவறு. தேதிக்குக் கீழே "திருக்கணிதப்படி" என்று ஒரு சிறிய வரி, செட்டிங்கில் மாற்றிக்கொள்ள ஒரு வசதி. இந்த இரண்டும் இருந்தால் பல ஒரு ஸ்டார்கள் வரவே வராது. ராகு காலமும் இப்படித்தான். காலை 6 மணிக்குச் சூரிய உதயம் என்று வைத்துப் போட்ட நிலையான நேரத்தைச் சிங்கப்பூரில் இருப்பவருக்கும் காட்டினால் அது அவருக்குப் பிழையான தகவல். அங்கே சூரியன் உதிப்பதே ஏழு மணியளவில்.

எதை முதலில் எடுப்பது? எத்தனை பேர் சொன்னார்கள் என்பதை மட்டும் பார்க்காதீர்கள். செயலியை எதற்காக நிறுவினாரோ அந்த வேலையே நின்றுபோனால், சொன்னவர் இருவரே ஆனாலும் அது முதலில் வர வேண்டும். நிறம் பிடிக்கவில்லை என்று இருபது பேர் சொன்னாலும் அது பிறகுதான். சேமித்து வைத்த குறிப்புகள் அழிந்துபோயின என்று ஒருவர் சொன்னாலும் அன்றைக்கே கையில் எடுங்கள்.

அலாரம் ஏன் அடிக்கவில்லை

ஒரு குறையை அடிமுதல் துருவுவது எப்படி என்பதை இந்த அலாரத்தை வைத்தே பார்க்கலாம். "எங்கள் போனில் அடிக்கிறதே" என்பது பதிலாகாது. உங்கள் போனில் டெவலப்பர் வசதி திறந்திருக்கும், செயலி தினமும் திறக்கப்படும், சார்ஜரில் மாட்டியே இருக்கும். பயனரின் போன் இரவெல்லாம் அலமாரியில் அசையாமல் கிடக்கும். வேறுபாடு அங்கேதான்.

காரணங்கள் பொதுவாக இந்த வரிசையில் அகப்படும்.

முதலில் அறிவிப்பு அனுமதி. ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்பு காட்டவே பயனரிடம் கேட்க வேண்டும். செயலி திறந்தவுடன் எதற்கென்றே சொல்லாமல் கேட்டால் பலர் மறுத்துவிடுவார்கள். இரண்டு முறை மறுத்தால் அந்தக் கேள்விப் பெட்டி அதன்பின் வராது. செட்டிங்குக்குப் போய்த்தான் மாற்ற முடியும். ஆகவே அவர் முதல் நினைவூட்டலை வைக்கிற அந்த நொடியில் கேளுங்கள். அப்போது எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்கும்.

அடுத்தது துல்லிய அலாரம் என்ற தனி அனுமதி. ஆண்ட்ராய்டு 14-இல் புதிதாக நிறுவப்படும் செயலிகளுக்கு இது தானாகக் கிடைப்பதில்லை. அனுமதி இல்லாமல் துல்லிய அலாரம் வைக்க முயன்றால் பிழை வரும். அதை நிரலில் பிடித்து, சத்தமில்லாமல் சாதாரண அலாரமாக மாற்றியிருந்தால் மாலை 4.30-க்கு வர வேண்டியது தாமதமாக வரும். அலாரம், டைமர், நாள்காட்டி ஆகியவையே முதன்மை வேலையான செயலிகளுக்குக் கேட்காமலே கிடைக்கும் இன்னொரு அனுமதி உண்டு. நாள்காட்டி என்பதால் அது பொருந்தலாம். ஆனால் பிளே ஸ்டோரின் விதியைப் படித்துவிட்டு, நிகழ்வு நினைவூட்டல் உங்கள் செயலியின் மையமான வேலைதானா என்று உறுதி செய்துகொண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, 'டோஸ்' (Doze) என்ற போனின் தூக்க நிலை. ஆண்ட்ராய்டு 6 முதலே, போன் அசையாமல் திரை அணைந்து கிடந்தால் பின்னணி வேலைகள் தள்ளிப்போடப்படும். சாதாரண அலாரமும் தள்ளிப்போகும். தூங்கும் நிலையிலும் அடிக்க அனுமதியுள்ள வகை அலாரத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். இதைச் சோதிக்க இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டாம். ஏடிபி (கணினியிலிருந்து போனை இயக்கும் டெவலப்பர் கருவி) கட்டளையால் போனை வலிய டோஸுக்குள் தள்ளலாம். அதே ஏடிபியில் வரிசையில் நிற்கும் அலாரங்களின் பட்டியலையும் பார்க்கலாம். உங்கள் பிரதோஷம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே பாதிக் கேள்விக்கு விடை.

நான்காவது ரீஸ்டார்ட். போனை அணைத்துப் போட்டால் வைத்திருந்த அலாரங்கள் எல்லாம் அழிந்துவிடும். போன் மறுபடி ஆன் ஆனதும் சிஸ்டம் அனுப்பும் செய்தியைக் கேட்டு, செயலி எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். சிஸ்டம் அப்டேட் ஆனால் போன் தானாக ரீஸ்டார்ட் ஆகும். "நாலு நாளா" என்று சொன்னவருக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

ஐந்தாவதுதான் கடினமானது. ஷவோமி, ஓப்போ, விவோ போன்ற போன்களில் ஆட்டோஸ்டார்ட் என்ற தனி அனுமதி உண்டு. அது அணைந்திருந்தால் ரீஸ்டார்ட் ஆன செய்தியே செயலிக்கு வராது. சில மாடல்களில் சமீபத்திய செயலிகள் திரையில் தள்ளி மூடினாலே செயலியை முழுவதுமாக நிறுத்திவிடும். முழுவதும் நிறுத்தினால் அலாரமும் போய்விடும். நிரலில் இதற்கு முழுத் தீர்வு இல்லை. பயனருக்கு வழி காட்டலாம்: நினைவூட்டல் வைக்கும் திரையில் "உங்கள் போனில் இதையும் ஆன் செய்தால்தான் தவறாமல் வரும்" என்று ஒரு குறிப்பு, அந்தச் செட்டிங்கின் படம். கூடவே "சோதித்துப் பார்" என்று ஒரு பொத்தான் வைத்து, இரண்டு நிமிடம் கழித்து ஒரு அறிவிப்பு அனுப்புங்கள். திரையை அணைத்து வைக்கச் சொல்லுங்கள். வந்தால் அவருக்கு நம்பிக்கை. வராவிட்டால் பிரதோஷத்தைத் தவறவிடும் முன்பே தெரிந்துவிடும்.

ஷீட்டில் இந்தக் குறை சொன்னவர்களின் போன் மாடலை வரிசைப்படுத்திப் பாருங்கள். எல்லா நிறுவனப் போன்களிலும் சிதறியிருந்தால் தவறு நம் நிரலில். ஒரே நிறுவனத்தில் குவிந்திருந்தால் ஐந்தாவது காரணம். ஒரே செயலி வெர்ஷனில் குவிந்திருந்தால் கடைசி அப்டேட்டில் என்ன மாற்றினோம் என்று பாருங்கள்.

பதில் எழுதுவது

பிளே ஸ்டோரில் ஒரு ரிவ்யூவுக்கு ஒரு பதில்தான். அதைப் பிறகு திருத்தலாம். அளவு 350 எழுத்துக்குறிகள். தமிழில் இது தோன்றுவதைவிடச் சிறியது. யூனிகோடில் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகள்: "அம்மா" நமக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. "ஸ்டார்" மூன்று, ஆறாகும். எனவே வணக்கத்தையும் நன்றியையும் சுருக்கி, பயனுள்ளதை முதலில் வையுங்கள்.

எழுதக்கூடாதது இது: "அன்பான வாடிக்கையாளரே, உங்கள் மேலான கருத்துக்கு நன்றி. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். எங்கள் மின்னஞ்சலைத் தொடர்பு கொள்ளவும்." இருபது ரிவ்யூவுக்குக் கீழே இதே வாசகம் வரிசையாகத் தெரிந்தால், புதிதாக நிறுவ வந்தவர் இங்கே யாரும் படிப்பதில்லை என்று முடிவு செய்துவிடுவார்.

எழுத வேண்டியது இப்படி: "வணக்கம். பிரதோஷ நினைவூட்டல் வராமல் போனதற்கு வருந்துகிறோம். செட்டிங்ஸ் > ஆப்ஸ் > எங்கள் செயலி > ஆட்டோஸ்டார்ட் என்பதை ஆன் செய்து, செயலியை ஒருமுறை திறந்து மூடுங்கள். பிறகும் வராவிட்டால் செயலியில் 'குறை சொல்ல' பக்கத்திலிருந்து எழுதுங்கள். நாங்களும் காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்." இது 300 குறிக்குள் அடங்கும். பிரதோஷம் என்ற சொல்லைத் திரும்பச் சொன்னதே அவர் எழுதியதைப் படித்திருக்கிறோம் என்பதற்குச் சான்று.

அவர் எழுதிய மொழியிலேயே பதில் சொல்லுங்கள். ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதியவருக்குத் தமிழ் எழுத்தில் பதில் போடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கோபமாக "நீ வா போ" என்று எழுதியவருக்கும் நீங்கள் என்றுதான் வர வேண்டும். தொலைபேசி எண், பிறந்த தேதி, ரசீது எண் எதையும் பொதுவில் கேட்காதீர்கள். ஸ்டாரைக் கூட்டச் சொல்லிக் கேட்காதீர்கள். கூட்டினால் விளம்பரத்தை நீக்கித் தருகிறேன் என்று பேரம் பேசுவது ஸ்டோர் விதிக்கே எதிரானது; செயலியே போய்விடும்.

நாள் குறித்து வாக்குக் கொடுக்காதீர்கள். "அடுத்த வாரம் சரியாகிவிடும்" என்று எழுதிய பதில் ஆறு மாதம் அங்கேயே நிற்கும்.

சரிசெய்த வெர்ஷன் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்த பிறகு மட்டும் அந்தப் பதிலைத் திருத்துங்கள்: "4.2 வெர்ஷனில், போன் ரீஸ்டார்ட் ஆனாலும் நினைவூட்டல்கள் அழியாதபடி மாற்றியிருக்கிறோம். அப்டேட் செய்து 'சோதித்துப் பார்' பொத்தானைத் தட்டிப் பாருங்கள்." திருத்தியதை அவர் கவனிக்காமல் போகலாம். ஆனால் அதே குறையோடு அடுத்து வருபவர் படிப்பார். மின்னஞ்சலில் எழுதியவர்களுக்கோ நேராகவே பதில் போகும்.

ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலும் ரிவ்யூவுக்குப் பதில் எழுதலாம். 2017-இல் ஐஓஎஸ் 10.3-ஓடு வந்த வசதி. அங்கே இடம் தாராளம். அதற்காக நீட்டி எழுத வேண்டியதில்லை.

பொய், வசை, சாதி மதத் தூற்றல் உள்ள ரிவ்யூவைப் பிளே கன்சோலிலிருந்தே கொடி காட்டிப் புகார் செய்யலாம். குறை சொன்னார் என்பதற்காக மட்டும் புகார் செய்தால் நீக்க மாட்டார்கள், நீக்கவும் கூடாது.

ஸ்டோருக்குப் போகும் முன் செயலிக்குள்ளேயே சொல்ல ஒரு வழி

பலர் ஒரு ஸ்டார் கொடுப்பது வேறு வழி தெரியாததால். முதன்மை மெனுவில், கண்ணில் படும் இடத்தில் "குறை சொல்ல" என்று ஒரு வரி வையுங்கள். "ஆதரவு", "பின்னூட்டம்" என்றெல்லாம் எழுதினால் பெரியவர்கள் தட்ட மாட்டார்கள். தட்டினால் மின்னஞ்சல் செயலி திறந்து, செயலி வெர்ஷன், ஆண்ட்ராய்டு வெர்ஷன், போன் மாடல், அறிவிப்பு அனுமதி உண்டா இல்லையா, துல்லிய அலாரம் உண்டா இல்லையா என்ற ஐந்து வரி கீழே தானாக நிரம்பியிருக்கட்டும். அவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். மறைத்து எதையும் அனுப்ப வேண்டாம். தொடர்பு எண், இருப்பிடம் போன்றவற்றை இதில் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வந்த மின்னஞ்சலுக்கு ஒரு நாளைக்குள் மனிதர் எழுதிய ஒரு வரியாவது போக வேண்டும். தீர்வு இல்லாவிட்டாலும் "பார்த்தோம், தேடுகிறோம்" என்பது போதும்.

ரேட்டிங் கேட்பது

இன்றைக்குப் பிளே ஸ்டோரில் தெரியும் ரேட்டிங் பழைய ஸ்டார்களின் வெறும் சராசரி இல்லை. 2019 முதல் சமீபத்திய ஸ்டார்களுக்கு எடை அதிகம். 2021 நவம்பர் முதல் போன்களில் அந்தந்த நாட்டின் ரேட்டிங்தான் தெரியும். மலேசியாவில் இருக்கும் தமிழருக்கு மலேசியப் பயனர்கள் கொடுத்ததுதான் தெரியும். சிங்கப்பூருக்கு ராகு காலம் தப்பாக இருந்தால் அங்கே மட்டும் ரேட்டிங் சரிந்திருக்கும், இந்தியாவிலிருந்து பார்க்கிற உங்கள் கண்ணில் படாது. கன்சோலில் நாடு வாரியாகப் பிரித்துப் பாருங்கள்.

செயலிக்குள்ளேயே ஸ்டார் கேட்கும் பெட்டிக்கு இரண்டு ஸ்டோரும் தங்கள் ஏபிஐயைத் தருகின்றன. எப்போது கேட்பது என்பதே இதில் முக்கியம். பயனர் வந்த வேலை முடிந்த பிறகு கேளுங்கள்: நினைவூட்டல் சரியாக வந்து, அதைத் தட்டித் திறந்து, படித்து முடித்து முகப்புக்குத் திரும்பும்போது. நிறுவிய அன்றைக்கே கேட்டால், கேட்டதற்கே ஒரு ஸ்டார் விழும்.

தெரியாமல் பலர் செய்கிற தவறுகள் மூன்று. "எங்கள் செயலி பிடித்திருக்கிறதா?" என்று முதலில் கேட்டு, ஆம் என்றவர்களை மட்டும் ஸ்டோருக்கு அனுப்புவது, கூகுள் வழிகாட்டி இதைக் கூடாது என்கிறது. ஒரு பொத்தானோடு இந்தப் பெட்டியை இணைப்பது. எத்தனை முறை காட்டலாம் என்பதற்கு ஒதுக்கீடு இருப்பதால் பொத்தானைத் தட்டியும் ஒன்றும் வராமல் போகும், பயனர் அதை உடைந்த பொத்தான் என்று நினைப்பார். பொத்தான் வேண்டுமென்றால் ஸ்டோர் பக்கத்துக்கு நேராக இணைப்புக் கொடுங்கள். மூன்றாவது, அவர் ஸ்டார் கொடுத்தாரா என்று நிரலில் அறிய முயல்வது; பெட்டி காட்டப்பட்டதா என்பதைக்கூட ஏபிஐ சொல்லாது. ஐபோனில் ஒரு பயனருக்கு 365 நாளில் மூன்று முறைதான் பெட்டி வரும். அந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே தீர்த்துவிடாதீர்கள்.

எதிர்பார்ப்பு நிறுவுவதற்கு முன்பே தொடங்குகிறது

ஸ்டோர் விளக்கத்தில் எழுதும் ஒவ்வொரு சொல்லும் வாக்கு. பிளே ஸ்டோரில் குறுவிளக்கம் 80 குறிகள். அதில் "முற்றிலும் இலவசம்" என்று போட்டுவிட்டு உள்ளே முழுத்திரை விளம்பரம் காட்டினால், காசு வாங்காததால் சொல்லளவில் உண்மை, பயனருக்கோ ஏமாற்று. "இலவசம், விளம்பரம் உண்டு" என்று எழுதுங்கள். நிறுவல் கொஞ்சம் குறையும், நிறுவியவர்கள் தங்குவார்கள். இணையம் இல்லாமல் எது ஓடும், எது ஓடாது என்று சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட்களில் இப்போது இருக்கும் திரையையே காட்டுங்கள். இரண்டு வெர்ஷனுக்கு முந்தைய படம் இருந்தால் "படத்துல இருக்கிறது உள்ள இல்ல" என்று எழுதத்தான் செய்வார்கள்.

நாள்காட்டி போன்ற செயலியைக் கண்ணாடி போட்டவர்கள் அதிகம் பயன்படுத்துவார்கள். போனில் எழுத்தளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். ஆண்ட்ராய்டு 14-இல் 200 சதவீதம் வரை போகும். அந்த அளவில் உங்கள் ஒவ்வொரு திரையையும் திறந்து பாருங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம், "நினைவூட்டலைச் சேமி" என்ற பொத்தான் "நினைவூட்ட..." என்று வெட்டுப்பட்டு நிற்கும். "ஒண்ணும் புரியல" என்று எழுதியவருக்கு நடந்தது இதுவாக இருக்கலாம்.

ஒரு பொத்தானை இடம் மாற்றினால், நிறத்தை மாற்றினால், மூன்று வருடமாகக் கைப்பழக்கத்தில் தட்டியவருக்கு அது இழப்பு. மாற்றத்துக்கு முந்தைய வெர்ஷனிலேயே ஒரு சிறு குறிப்புக் காட்டுங்கள், முடிந்தால் பழைய அமைப்பைச் சில மாதம் செட்டிங்கில் விட்டுவையுங்கள். வெளியீட்டுக் குறிப்புக்குப் பிளே ஸ்டோர் 500 குறிகள் தருகிறது. "பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று எழுதி அதை வீணாக்காதீர்கள். எந்தப் பிழை, யாருக்கு என்று எழுதினால் விட்டுப்போனவர்கூட மறுபடி நிறுவுவார்.

"இது வேண்டும்" என்பவர்களுக்கு

கேட்பதையெல்லாம் செய்தால் செயலி சந்தையாகிவிடும். கேட்ட வசதியை எழுதிக்கொள்ளும்போது எதற்காகக் கேட்கிறார் என்பதையும் எழுதுங்கள். "பிடிஎஃப்பா டவுன்லோட் பண்ண வசதி வேணும்" என்று கேட்பவருக்கு உண்மையில் வேண்டியது, மாதத் தாளை அச்செடுத்துச் சமையலறையில் ஒட்டுவது. அப்படியானால் "அச்சிடு" என்று ஒரு பொத்தான் போதும். முடியாது என்றால் முடியாது என்றே காரணத்தோடு சொல்லுங்கள்: "ஜாதகம் கணிக்கும் வசதி சேர்க்கும் எண்ணம் இல்லை, நாள்காட்டியைத் துல்லியமாக வைப்பதிலேயே எங்கள் நேரம் போகிறது." "பரிசீலிக்கிறோம்" என்று சொல்லி ஒரு வருடம் காக்கவைப்பதைவிட இது மரியாதை.

சரிசெய்ததை வெளியிடுவது

எல்லோருக்கும் ஒரேயடியாக விடாதீர்கள். பிளே ஸ்டோரில் சதவீதம் குறித்துப் படிப்படியாக விடலாம். தினம் 5,000 பேர் திறக்கும் செயலியில் 5 சதவீதம் என்றால் 250 பேர். இருநூறில் ஒரு போனில் வரும் கோளாறு அதில் ஒருவருக்குத்தான் தெரியும், அவரும் சொல்லாமல் போகலாம். சிறிய செயலிக்கு 20 சதவீதத்தில் தொடங்கி இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். ஐபோனில் படிப்படியாக விடுவதை ஆப்பிளே நடத்தும்: ஏழு நாளில் 1, 2, 5, 10, 20, 50, 100 சதவீதம், நடுவில் மொத்தம் 30 நாள் வரை நிறுத்திவைக்கலாம்.

நிறுத்தினால் புதிதாக யாருக்கும் போகாது, வாங்கியவர்களிடம் அப்படியே இருக்கும். பழைய வெர்ஷனுக்குத் திரும்ப அனுப்ப முடியாது. பழைய நிரலையே கூடுதல் வெர்ஷன் எண் போட்டுப் புதிதாக விட வேண்டும். இதை முதல் முறையாகப் பதற்றத்தில் கற்றுக்கொள்ளாமல் முன்பே ஒருமுறை சோதனைத் தடத்தில் (சோதிப்பவர்களுக்கு மட்டும் வெளியிடும் வழி) செய்து பார்த்துவிடுங்கள்.

அந்த இரண்டு நாளும் பார்க்க வேண்டியது ரிவ்யூவை மட்டுமில்லை. கன்சோலில் உள்ள ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ் பகுதியில், செயலி திடீரென மூடிக்கொள்ளும் க்ராஷும், செயலி உறைந்து நிற்கும் ஏஎன்ஆரும் தெரியும். தினசரிப் பயனர்களில் 1.09 சதவீதத்துக்கு மேல் க்ராஷை எதிர்கொண்டால், அல்லது 0.47 சதவீதத்துக்கு மேல் ஏஎன்ஆரைச் சந்தித்தால், செயலி ஸ்டோரில் கண்ணில் படுவது குறையும். ஒரே போன் மாடலில் 8 சதவீதம் தாண்டினாலும் அந்த மாடல்காரர்களுக்கு எச்சரிக்கை காட்டப்படலாம். க்ராஷ் ஆனவர்களில் பெரும்பாலோர் எதுவும் எழுத மாட்டார்கள், நீக்கிவிட்டுப் போவார்கள். அவர்கள் குறையை இந்த எண்கள்தான் சொல்லும்.

100 சதவீதம் போன மறுநாள் ஷீட்டைத் திறந்து, அலாரம் என்று வகைப்படுத்திய வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். ஒவ்வொருவராக: மின்னஞ்சலில் எழுதியவருக்கு ஒரு வரி, ரிவ்யூ எழுதியவருக்குத் திருத்திய பதில், வாட்ஸ்அப்பில் சொன்ன தெரிந்தவருக்கு ஒரு செய்தி. முப்பது பேர் இருந்தால் ஒரு மணி நேர வேலை. முடிந்ததும் "திரும்பச் சொல்லியாச்சா" பத்தியில் அன்றைய தேதியைப் போடுங்கள். அடுத்த பிரதோஷம் முடிந்த மறுநாள் காலை அதே வடிகட்டியை மறுபடி போட்டுப் பாருங்கள். புதிய வரி ஏதும் சேர்ந்திருந்தால் அவர் போன் மாடலிலிருந்து தொடங்குங்கள்.